கரி தேடிய பெரியப்பா

புதுச்சேரி எல்லையிலுள்ள கோரிமேட்டில் இன்று இரண்டு வகைக் கூட்டம்தான். ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையிலேயே சீட்டுக்கு நிற்கிறவர்கள் ஒரு வகை. எல்லை தாண்டி வந்து பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் இன்னொரு வகை. முன்பு மூன்றாவது வகை ஒன்றும் இருந்தது. அதில் ஒரே ஒரு ஆள்: என் பெரியப்பா. நிலக்கரி தேடுகிறவர்.

பிழைப்பு என்னவோ சவுக்கு வெட்டுதான். பட்டானூர், வானூர் பக்கம் தோப்பை மொத்தமாகப் பேசி, ஆளும் கோடாரியுமாக இறங்குவார். நேரான கழி சாரம் கட்ட, கோணல் கட்டை அடுப்புக்கு, மிலாறும் தூரும் சூளைக்கு. "சவுக்குல வீணாப் போறது நிழல் ஒண்ணுதான்டா" என்பார். அந்த நிழலும் அப்படியொன்றும் பெரிதல்ல.

பித்து, சாயங்காலத்துக்கு மேல். அது நெய்வேலி வைத்த பித்து. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததையும், 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததையும் திருவிளையாடல் மாதிரி சொல்லுவார். 1880களிலேயே பாகூர்ப் பக்கம் துளை போட்டுக் கரி பார்த்த பிரெஞ்சுக்காரன் தோண்டாமல் விட்டுப் போனதில் அவருக்குத் தீராத வருத்தம். "முதலியாருக்குக் கிடைச்சது நமக்குக் கிடைக்காதா?" முதலியாரிடம் நூற்றுக்கணக்கில் ஏக்கர் இருந்தது. பெரியப்பாவிடம் ரேஷன் கார்டு இருந்தது.

யார் வீட்டில் போர் போட்டாலும் முதல் ஆளாக நிற்பார். செம்மண், மஞ்சள் மணல், வெள்ளைக் களி என்று மேலே வருவதைக் கிழிந்த வாழையிலையில் வரிசையாக வைத்து, நகத்தால் கீறி, நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் வந்ததும் வீட்டுக்காரர் முகம் மலரும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

லாரிக்காரர் ஒருவர் நெய்வேலியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கரித்துண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. வந்தபோது ஈரமாக, கரும்பழுப்பாக, கையில் கனத்தது. பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர்தானே. காயக் காய வெடித்து, ஏடு ஏடாகக் கழன்றது. அந்த ஏட்டில் மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. "பாத்தியா, இதுவும் மரந்தான். நமக்கு முந்தியே பூமி சாய்ச்சு வச்சுக்கிச்சு." காலேஜ் வாத்தியாரும் பின்னால் இதையேதான் எனக்குச் சொன்னார், இங்கிலீஷில்.

திருவக்கரைக்கும் கூட்டிப்போயிருக்கிறார். இரண்டு கோடி வருஷத்துக் கல்மரங்களைக் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் ரேட்டு பேச முடியாது" என்றார். அந்தக் கல்மரங்கள் கிடப்பது கடலூர் மணற்கல்லில். நெய்வேலிக் கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும் அதே பாறைதான். கோரிமேட்டுச் செம்மண் மேடும் அதன் வகையறாதான். ஆக, பெரியப்பா பார்த்த பாறை சரி, பார்த்த இடம்தான் சரியில்லை.

இப்போது அந்தத் தோப்புகள் மனைகள். வெட்டிய மரங்களின் பெயரே நகர்களுக்கு வைத்தாயிற்று. மிச்சமிருக்கும் சவுக்கு பேப்பர் மில்லுக்குப் போகிறது. ஐந்து பேர் இரண்டு நாள் வெட்டியதை மெஷின் வாள் டீ வருவதற்குள் முடித்துவிடுகிறது. வெட்டிய கையோடு ஜூன் 5ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினமென்று, கன்று நட்டுப் போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். பெரியப்பா பாவம், போட்டோ எடுக்காமலே வெட்டினார்.

பாகூர் வயல்களுக்கு அடியில் சுமார் 41 கோடி டன் பழுப்பு நிலக்கரி இருப்பதாக இன்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. பெரியப்பா சொன்னபோது அதற்குப் பெயர் பைத்தியம். அரசாங்கம் சொன்னால் கனிம வளம்.

வளம்தான். ஆனால் மேலே இருப்பது புதுச்சேரியின் நெற்களஞ்சியம். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்தின் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரில் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. பெரியப்பா வெட்டிய தோப்பில் மறுபடி கன்று வைத்தால் நாலைந்து வருஷத்தில் சவுக்கு நின்றது. கரி எடுத்த வயலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பாகூரில் தோண்ட ஆசைப்படுகிறவர்கள், மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்; நெய்வேலிக்கு நிலம் கொடுத்தவர்களோடு ஒருநாள் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும், போதும்.