நாற்பதாயிரத்துக்கு ஒரு கம்பானியன்

கே: தோப்பில் கிடக்கும் பழைய ஸ்டாண்டர்ட் கம்பானியன் ஸ்டேஷன் வேகன் நாற்பதாயிரத்துக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், சுரண்டை

ப: நாற்பதாயிரம் அட்வான்ஸ்தான். மிச்சத்தை டிங்கர்காரரும் பெயின்டரும் தவணையில் வாங்கிக்கொள்வார்கள்!

வண்டி நல்ல வம்சம். மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் கம்பெனி தன் ஹெரால்ட் காரை வைத்துச் செய்தது. அதே 948 சிசி எஞ்சின். ஹெரால்டைப் போலவே இதற்கும் சேஸி தனி, பாடி தனி. அதனால் பெயின்டைப் பார்த்து மயங்காமல், கீழே படுத்து சேஸியை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். ‘டங்’ என்றால் பேரம் பேசலாம். பொதுக்கென்று உள்ளே போனால், வேட்டியைத் தட்டிவிட்டு இளநீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். கம்பெனி 1988-லேயே மூடியாச்சு. ஸ்பேர் கேட்டால் கடைக்காரர் உங்களைத்தான் அபூர்வப் பொருளாகப் பார்ப்பார்.

அடுத்து ஆர்.சி. அது இல்லாத கார் கோழி அடையத்தான் ஆகும். 50 வயது தாண்டி, அசல் மாறாமல் இருந்தால் 2021 விதிப்படி 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவை தவிர வேறெதற்கும் ரோட்டில் ஓட்டக்கூடாது. சாரல் சீசனில் மாமியாரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்களா? ‘விதி இடம் கொடுக்கவில்லை அத்தை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.