நீலத் திரையும் எலுமிச்சம்பழமும்

சுத்தமாக ஓடாத கம்ப்யூட்டரைச் சரிசெய்வது சுலபம். நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று விழுகிற கம்ப்யூட்டர்தான் குடும்ப ஒற்றுமையைச் சோதிக்கும். எங்கள் வீட்டு சிஸ்டம் இரண்டாவது ரகம். கோர் 2 டுவோ பிராசஸர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கான பராமரிப்பை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியை எங்கள் சிஸ்டத்திடம் யாரும் சொல்லவில்லை. கரண்ட் பில், என் கட்டுரைகள், பையனின் கிரிக்கெட் கேம், அம்மா பார்க்கும் கும்பாபிஷேக வீடியோ என்று எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் சுமந்துகொண்டிருந்தது. போன கோடையில் சுமையை இறக்கிவைக்க ஆரம்பித்தது.

கலசத்தில் தீர்த்தம் ஊற்றுகிற நேரமாகப் பார்த்துத் திரை நீலமாகும். வெள்ளை எழுத்தில் ஒரு பக்கம் ஆங்கிலம் ஓடும். படித்து முடிப்பதற்குள் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் நீலத் திரையில் ஒரு சோக முகம் போட்டு வருத்தம் தெரிவிக்க ஆரம்பித்தார்கள். எங்களுடையது அதற்கு முந்தைய தலைமுறை, அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

காரணம் என்ன என்று வீட்டில் ஆளுக்கொரு கட்சி.

"கண்ணு பட்டிருக்குடா" என்றார் அம்மா. "எதிர்வீட்டுக்காரி போன வாரம் வந்தப்பவே 'இன்னுமா இது ஓடுது'ன்னு கேட்டா." மறுநாள் காலை கேபினெட்டின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

"தூசி. வேற ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. "இந்த மேஜையே காலியாயிட்டா என் தையல் மிஷினைப் போட்டுக்கலாம்."

"கிராஃபிக்ஸ் கார்டு பத்தலப்பா" என்றான் பையன்.

சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்தது: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்."

யோசித்துப் பார்த்தால், இவர்களில் யாருமே நோய்க்கு மருந்து தேடவில்லை. கையில் ரொம்ப நாளாக வைத்திருந்த மருந்துக்கு இப்போதுதான் ஒரு நோய் கிடைத்திருக்கிறது.

சர்வீஸ் தம்பி நேரில் வந்தார். அவர் முன்னால் சிஸ்டம் காட்டிய ஒழுக்கம் இருக்கிறதே! கும்பாபிஷேகம் தங்குதடையின்றி நடந்தது. பையன் ஒரு முழு இன்னிங்ஸ் ஆடினான். "நல்லாத்தானே சார் ஓடுது?" என்று காபியைக் குடித்துவிட்டு, வந்ததற்காக ஃபார்மட்டும் அடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் பைக் தெருமுனை திரும்பவில்லை, திரை நீலம்.

"இதெல்லாம் பெரிய இடத்திலேயே நடக்கிறதுதான்" என்று மனைவிக்குச் சமாதானம் சொன்னேன். 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் நிற்க, வரப்போகும் விண்டோஸ் 98-இன் பெருமையைக் காட்ட உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். அத்தனை பேர் முன்னிலையில் நீலத் திரை. அதனால்தான் இதை இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்துவிட்டார். "அவர் புதுசு வாங்கிப்பார், நீங்க வாங்கிப்பீங்களா?" என்றாள்.

வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்தேன். முதலில் சாட்சி விசாரணை. விழுந்ததற்கான காரணத்தை விண்டோஸ் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் என்றார்கள். ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு. ஆவலோடு படித்தேன். முறையாக ஷட்டவுன் செய்யாமலே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறதாம்! அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

நீலத் திரையின் வாசகங்களைப் போனில் படம்பிடித்துச் சேர்த்தேன். ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றது. மறுநாள் 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று கணக்கு வாத்தியார் பாஷையில் பேசியது. ஒரே மாதிரிப் புலம்பினால் ஏதாவது ஒரு டிரைவர் மேல் சந்தேகப்படலாம். தினம் ஒரு புகார் சொன்னால் பெரும்பாலும் ஹார்டுவேரில்தான் கோளாறு. ரேம், சூடு, பவர் சப்ளை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். முக்கியமான விதி, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பென் டிரைவில் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பிழை இருந்தால் சிவப்பு வரி வரும். ஒரு வரியும் வரவில்லை. ஹீட் சிங்கைக் கழற்றித் தூசி தட்டி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் தடவினேன். சூடு குறைந்தது. நீலம் குறையவில்லை.

மிச்சம் பவர் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ். ஒரு பவர் கனெக்டரின் மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் கறுப்பு ஒயரில் மறுமுனையையும் வைத்தேன். 12 வோல்ட் வர வேண்டும், 11.4 வரை இறங்கினால் மன்னிக்கலாம். சும்மா இருந்தபோது சரியாகத்தான் காட்டியது. "கேமைப் போடுடா" என்றேன். பேட்ஸ்மேன் சிக்ஸர் தூக்கிய நேரத்தில் 11.1-க்கு இறங்கியது, மாசக் கடைசிப் பர்ஸ் மாதிரி. அடுத்த விநாடி நீலம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்கள் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் பிளந்து கொடுப்பதற்காக அதில் கூட்டல் குறி மாதிரிக் கீறியிருப்பார்கள். ஒன்றின் தலை உப்பி, கீறல் வாய்பிளந்து, பழுப்பாக எதையோ கக்கியிருந்தது. சூடு 10 டிகிரி ஏறினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. தாம்பரத்துக் கோடைகளை அது தாங்கியதே அதிகம்.

ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வந்து மாட்டினேன். நீலம் நின்றது. வீடே தன் வைத்தியம் பலித்ததாகக் கொண்டாடியது. எலுமிச்சம்பழம் என்றார் அம்மா. நீங்க தூசி தட்டினதுதான் என்றாள் மனைவி. ஃபார்மட்டுக்குப் பிறகும் விழுந்ததே என்று சர்வீஸ் தம்பியைக் கேட்டால், "அது வேற க்ராஷ் சார்" என்றார்.

நிரூபித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையே திரும்ப மாட்டினேன். "சரியானதைக் கெடுத்துப் பாக்குற ஒரே மனுஷன் நீங்கதான்" என்றாள் மனைவி. அன்று சாயங்காலமே திரை நீலமானது. "பார்த்தீர்களா?" என்று வெற்றியோடு திரும்பினேன்.

"பார்த்தேன்" என்றார் அம்மா. "காஞ்சு போச்சேன்னு இன்னைக்குக் காலையிலதான் அந்தப் பழத்தை எடுத்துப் போட்டேன்."

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்ற விதியை அம்மாவிடம் யார் சொல்வது? பழத்தைக் கட்டிவிட்டுப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை இன்னொரு முறை மாட்டிப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் புதியதைத் திரும்ப மாட்டியதும், இனி ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டால் மேஜை தையல் மிஷினுக்கு என்று மனைவி உத்தரவு போட்டுவிட்டாள். ஆராய்ச்சி அதோடு நின்றது. இப்போது கேபினெட்டுக்குள் புது எஸ்.எம்.பி.எஸ்., வெளியே வெள்ளிக்கிழமைதோறும் புது எலுமிச்சம்பழம். வீட்டுச் செலவு நோட்டில் இரண்டையும் 'சிஸ்டம் பராமரிப்பு' என்றே எழுதிவருகிறேன்.