எலுமிச்சை வாசத்தில் ஒரு பேரரசர்

ஆண்களுக்கான சென்ட் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாலைவனம், ஒரு ஓநாய், நாலு நாள் தாடி, கடன்காரன் வருகிறானா என்று தூரத்தை முறைத்துக்கொண்டே நிற்கும் ஒரு ஆள். இந்தக் கம்பெனிக்காரர்கள் கணிக்கும் ஜாதகப்படி, ஐரோப்பாவில் பாதியை வளைத்துப்போட்ட நெப்போலியன் எதைப் பூசியிருக்க வேண்டும்? தோல், புகையிலை, வெடிமருந்து, கஸ்தூரி எல்லாம் கலந்த ஏதோ ஒன்றை. மனிதர் பூசியதோ எலுமிச்சை, பெர்கமோட், ஆரஞ்சுப் பூ, கொஞ்சம் ரோஸ்மேரி சேர்ந்த யூடிகோலன். காய்ச்சல் வந்தால் பாட்டிகள் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதேதான்.

பூசினார் என்பதுகூடத் தப்பு. ஊற்றிக்கொண்டார். கான்ஸ்டான் என்று ஓர் அந்தரங்கப் பணியாள் அவருக்கு இருந்தார். பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகள் எழுதி, எஜமானரின் குளியலறைக் கதவை ஊருக்கே திறந்துவிட்ட புண்ணியவான். சக்கரவர்த்தி கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறுவார். எழுந்ததும் யூடிகோலனை மேலே ஊற்றி, முதுகையும் தோளையும் முரட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தால் போச்சு. கழுதையைத் தேய்ப்பதுபோல் தேய் என்பாராம். உவமை அவருடையது, நான் பொறுப்பில்லை.

மாதத்துக்கு 60 குப்பி காலியானதாகச் சொல்வார்கள். பாரிஸில் இதைச் சப்ளை செய்த ஷார்தான் என்ற தைல வியாபாரிக்கு, ஆஸ்திரியாவை யார் ஜெயித்தால் என்ன, நல்ல காலம்தான். போர்க்களத்திலும் குளியல் முறை தவறக்கூடாது என்று பூட்ஸுக்குள் செருகிக்கொள்ள ஒல்லியாக, உருளையாக ஒரு குப்பி தயாரானது என்பார்கள். சண்டைக்கு முன்னால் சர்க்கரைக் கட்டியில் சொட்டுவிட்டு வாயில் போட்டுக்கொள்வார் என்றும் ஒரு பேச்சு உண்டு. பார்த்தவர் யாரென்று கேட்காதீர்கள்.

இவ்வளவு எதற்கு? யூடிகோலனில் பெரும்பகுதி சாராயம். வாசனை எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டாது. அதிலும் எலுமிச்சை இன வாசனைகள் லேசானவை, ஓரிரு மணி நேரத்தில் பறந்துவிடும். கஸ்தூரி அப்படியல்ல, ஒருமுறை தொட்டால் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பூசுகிறவனுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து ஆளும் பொறுமை வேண்டும். ராச்சாப்பாட்டையே கால் மணி நேரத்தில் விழுங்கிவிட்டு எழுந்துபோகிற ஆசாமிக்கு அது எங்கே? வாசம் போனால் மறுபடி ஊற்று, அமைதி வந்தால் மறுபடி படையெடு. என்னைக் கேட்டால் அவருடைய வெளியுறவுக் கொள்கையே அந்தக் குப்பிக்குள்தான் இருந்தது.

பொறுமையான வாசனை வீட்டுக்குள் இருந்தது, மனைவி ஜோசஃபினிடம். அம்மாளுக்குக் கஸ்தூரி என்றால் உயிர். கணவருக்குக் காட்டமான வாசனை ஆகாது. பேரப்பிள்ளை பெற வேண்டிய வயதிலிருந்த மகாராணி வாரிசு பெற்றுத் தரவில்லை என்று 1809 கடைசியில் விவாகரத்து முடிந்தது. கிளம்பும் முன் அம்மாள் அறையெங்கும் கஸ்தூரியைத் தெளித்துவிட்டுப் போனார், பல ஆண்டுகள் கழித்தும் மால்மேசான் மாளிகைச் சுவர்களில் அது வீசியது என்று கதை. அளந்துவிட்டதாகவே இருக்கட்டும். போரில் எந்த ஆஸ்திரியத் தளபதியும் நெப்போலியன்மேல் இவ்வளவு நன்றாகக் குறிபார்த்ததில்லை. “வந்துகொண்டிருக்கிறேன், குளிக்காதே” என்று நெப்போலியன் இவருக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்கிறார்களே, அந்தக் கடிதத்தை இதுவரை யாரும் காட்டியதில்லை. வெந்நீர்த் தொட்டியை விட்டு எழ மனமில்லாத மனிதர் அப்படி எழுதுவாரா?

யூடிகோலன் என்ற இந்த வாசனைத் தண்ணீருக்கு மூலவர் யோஹான் மரியா ஃபரினா என்ற இத்தாலியர். பிழைக்கப் போன ஊர் ஜெர்மனியின் கொலோன். 1708-ல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், மழை விட்ட இத்தாலிய வசந்தக் காலையை நினைவூட்டும் வாசனை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டே கொலோனில் ஃபரினா கடை முளைத்தது. ஊரைத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்ல முடியாது. நூறாண்டுக்கு மேல் கழித்து அங்கே போன ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் 72 வகை நாற்றங்களை எண்ணியதாகக் கவிதையே பாடினார். வாசனைத் தண்ணீர் விற்க அதைவிடத் தோதான சந்தை எங்கே கிடைக்கும்?

சரக்கு விற்றதும் போலிகள் முளைத்தன. 1803-ல் வில்ஹெல்ம் மியூலென்ஸ் என்பவர், கார்லோ பிரான்செஸ்கோ ஃபரினா என்ற ஒருவரிடமிருந்து பெயரை விலைக்கு வாங்கினார். பெயரை மட்டும்தான். விற்றவருக்கும் தைலக் குடும்பத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மியூலென்ஸ் அதைப் பிறருக்கும் கைமாற்றிவிட, ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃபரினா மேல்தான் விழ வேண்டும் என்றானது. வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நடந்தன. கடைசியில் கோர்ட்டு காதைத் திருகவே, மியூலென்ஸ் குடும்பம் தன் வீட்டுக் கதவிலக்கத்தையே பெயராக்கிக்கொண்டது. அதுதான் 4711. பிரெஞ்சுப் படை கொலோனைப் பிடித்திருந்த காலத்தில் விழுந்த எண் அது. குதிரையில் உட்கார்ந்தபடியே ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் சுவரில் அதை எழுதுவதாகப் படம் வரைந்து, அதையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சக்கரவர்த்தி தன் கையாலும் இந்த வியாபாரத்தைக் கிளறினார். அதுவரை யூடிகோலன் மருந்தாகவும் விற்றது. குடி, கொப்பளி, தேய், எல்லா நோயும் தீரும். 1810 ஆகஸ்டில் ஓர் ஆணை போட்டார். ரகசிய மருந்து விற்கிறவர்கள் செய்முறையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். தைலக்காரர்கள் ஒரே ராத்திரியில் யோசித்திருப்பார்கள். மருந்தா, யார் சொன்னது, இது வெறும் வாசனைத் தண்ணீர் ஐயா! ஆக, தலைவலி முதல் வயிற்றுவலி வரை தீர்த்துக்கொண்டிருந்த திரவம் ஒரு கையெழுத்தில் குணம் இழந்து, மணம் மட்டும் மிச்சமாயிற்று.

1815-ல் வாட்டர்லூ. அதன்பின் அட்லாண்டிக் நடுவில் செயின்ட் ஹெலீனா தீவு. ராஜ்யம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். யூடிகோலன் இருப்புத் தீர்ந்துபோனதுதான் பெரிய சங்கடம். காப்பாற்றியவர் பணியாள் அலி. எகிப்திய மாம்லுக் வீரன் வேஷத்தில் தலைப்பாகையும் வாளுமாகத் திரிந்த இந்த அலியின் அசல் பெயர் லூயி எத்தியன் சாந்தெனி, அக்மார்க் பிரெஞ்சுக்காரர், பிறந்தது வெர்சாயில். பெர்கமோட், நார்த்தை, எலுமிச்சை, ரோஸ்மேரி என்று கையில் கிடைத்ததை வைத்துத் தீவிலேயே ஒரு கொலோன் கலக்கிக் கொடுத்து, குறிப்பையும் எழுதிவைத்தார். பின்னாளில் அதே வெர்சாயின் ஒஸ்மோதெக் வாசனைக் காப்பகத்தில் ழான் கெர்லியோ அந்தக் குறிப்பை வைத்து மறுபடி தயாரித்தார். போலி மாம்லுக் செய்த போலி கொலோன். ஃபரினா குடும்பம் வழக்குப் போடாமல் விட்ட ஒரே போலி அதுவாகத்தான் இருக்கும்.