மூன்று வயது மேதைகள்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் கெலாங் பாத்தா வட்டாரக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் கலை கரைபுரண்டு ஓடும். மூன்று வயதுப் பிள்ளைகள் வண்ணத்தாளில் மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் செய்வார்கள். 14 கோடுகளும் அளவெடுத்தாற்போல் நேராக நிற்கும். நட்சத்திரத்துக்கும் பிசகாமல் 14 முனைகள். வட்டம் போடச் சொன்னால் முட்டை போடும் வயதில் என்னே துல்லியம்!

வேலைப் பங்கீடும் அருமை. டீச்சர் வெட்டுவார், டீச்சர் ஒட்டுவார், பிள்ளையின் பெயரையும் டீச்சரே எழுதுவார். பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்.

1837இல் ஜெர்மனியில் மழலையர் கல்விக்கு வித்திட்ட ஃபுரோபெல், தாள் மடிப்பதையும் பின்னுவதையும் பிஞ்சுக் கைகளிடமே விட்டார். பாவம், அவர் காலத்தில் வாட்ஸ்அப் குழு கிடையாது.

சிங்கப்பூர் வேலை முடிந்து, 1998இல் திறந்த இரண்டாவது பாலத்தின் நெரிசலில் நிற்கும் அப்பாக்களுக்கு அந்தக் குழுவில் வரும் பிள்ளையின் படமே ஆறுதல். 12 வயதுப் பிள்ளைகளின் யூபிஎஸ்ஆர் தேர்வையும் அரசு 2021இல் எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேறு என்னதான் மிச்சம்?

தரம் இன்னும் உயர வழி உண்டு. கைவேலை நாளன்று பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால் ஒரு தாளும் கசங்காது.

எப்போதாவது ஒரு பிள்ளை யார் உதவியும் இல்லாமல், தன் கையாலேயே ஒன்றைப் படைத்துவிடுவதும் உண்டு: சுவர் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கிறுக்கல். அன்று மட்டும் படம் வராது. பெற்றோரை நேரில் வரச் சொல்வார்கள்.