இடுக்கின் மகாத்மியம்

வீட்டுக்கு எந்த நிறம் பூசலாம் என்பதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதர் ஒருவரை மாத்தளை நகரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வருமுன்னர் வீட்டின் வெளிச்சுவர்களைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று நான் பிரஸ்தாபித்த மாத்திரத்தில், என் மனைவி சந்தன நிறத்தையும், அவளுடைய தமையனார் கடல் நீலத்தையும் (மாத்தளைக்கும் சமுத்திரத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பது அவருக்கு ஓர் ஆட்சேபமாகத் தோன்றவில்லை), எதிர்வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர், தம்முடைய விறாந்தையில் உட்காரும்போது தம் கண்ணுக்கு இதமாயிருக்கும் என்ற காரணத்தை ஒளிக்காமல் சொல்லி, இளம்பச்சையையும் சிபாரிசு செய்தார்கள். ஆனால் யன்னல் நிலைகளுக்கும் சுவருக்கும் நடுவே வாய் பிளந்து நிற்கும் இடுக்குகளில் எதை அடைப்பது என்று நான் கேட்டபோது, அத்தனை நேரம் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடாமல் விவாதித்த அந்தச் சபை, ஏகமனதாகத் தேநீர்க் கோப்பைகளுக்குள் பார்க்கத் தொடங்கியது.

வேலைக்கு வந்த பாஸ் இதற்கு நேர்மாறான பிரகிருதி. வர்ண அட்டையை நீட்டினால் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிலையின் ஓரமாகக் கட்டைவிரல் நகத்தை ஓட்டியபடி வீட்டை ஒருமுறை பிரதட்சிணம் செய்தார்.

“மாஸ்டர், கலர் எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல இந்தப் பழசையெல்லாம் கிண்டி எடுக்கணும்.”

“அதுக்கு மேலேயே பூசினால் என்ன?” என்றார் என் மைத்துனர்.

“பூசலாம் சேர். வார மழைக்கு நீங்களே தோல் மாதிரி உரிச்செடுத்துறலாம்.”

பிறகு நடந்ததை வீட்டு வேலை என்பதைவிட அகழ்வாராய்ச்சி என்பதே பொருந்தும். எங்கள் நிலைகள் பலாமரத்தால் ஆனவை. ஐப்பசியில் இடியோடு தொடங்கித் தை வரையில் விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் ஈரத்தைக் குடித்துப் பருப்பதும், வெயில் ஏறியதும் சுருங்குவதும் மரத்தின் சுபாவம். செங்கல்லும் சாந்துமோ அந்த அளவுக்கு அசைவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்துவைக்க முயன்ற ஒவ்வொரு காலத்தின் கைங்கரியமும் அந்த இடுக்கில் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. மேலே பளபளவென்று சிலிக்கோன். அதன் கீழே சீமெந்து. அதற்கும் கீழே சீமைச்சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பழங்காலத்துப் புட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், மடித்துத் திணித்த ஒரு செய்தித்தாள். அந்தத் தாளில் எஞ்சியிருந்த அரிசி விலையை வாசித்து அனைவரும் பெருமூச்சுவிட்டதில் அன்றைய முற்பகல் கழிந்தது.

சீமெந்தின் குற்றம் அதன் பிடிவாதம்: மரம் அசையும், அது அசையாது, ஆகவே வெடிப்பு விழும். புட்டியின் குற்றம் முதுமை: எண்ணெய் வற்ற வற்ற இறுகி, ஒருநாள் துண்டு துண்டாய் உதிரும். சிலிக்கோனோ மூவரிலும் கெட்டிக்காரன். நீளும், சுருங்கும், வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது. ஆனால் தன்மீது எந்த வர்ணத்தையும் ஒட்டவிடாது என்பது அதன் விரதம். தூரிகையால் தடவிய பெயின்ட் அதன்மேல் முத்து முத்தாகத் திரண்டு விலகி நிற்கும். அதைவிடப் பெரிய உபத்திரவம், சுரண்டி எடுத்த பிறகும் ஒரு மெல்லிய படலமாக அங்கேயே தங்கி, அடுத்து வருகிறவனையும் ஒட்டவிடாமல் செய்வது. ஆகையால் பாஸ் பட்டையான கத்தியால் கீறி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, அந்த இடம் உண்மையில் காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த யன்னலுக்கு நகர்ந்தார். நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஒரு மேகம் தலைகாட்டினாலும் வேலை நின்றுவிடும்.

கடையில் இடுக்கு அடைக்கும் சீலன்ட் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதன்மேல் பெயின்ட் ஒட்டுமா? அக்ரிலிக் வகை ஒட்டும். இடுக்கு ஆழமானால் அடிவரைக்கும் சீலன்டைத் திணிப்பது காசுக்கும் கேடு, வேலைக்கும் கேடு. முதலில் ஒரு நுரைக்கயிற்றை உள்ளே அழுத்திவிட்டு மேலாக நிரப்பினால், சீலன்ட் மரத்தையும் சுவரையும் மட்டும் பற்றிக்கொண்டு இருபுறமும் இழுபடும். அடியையும் சேர்த்துப் பற்றினால் நடுவில் கிழியும். இந்தச் சாஸ்திரத்தையெல்லாம் கேட்டு உற்சாகமடைந்த என் மைத்துனர், சீலன்ட் குழாயைப் பொருத்தும் அந்தத் துப்பாக்கியைத் தாமே பிரயோகிக்க முன்வந்தார். அதற்கும் அவருக்கும் குணத்தில் ஓர் ஒற்றுமை உண்டு: அழுத்துவதை நிறுத்திய பின்னும் வாய் ஓயாது. பின்னாலுள்ள விசையைத் தட்டிவிட்டால் துப்பாக்கி அடங்கிவிடும்.

யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் கொங்கிரீட் பலகையின் அடிப்புறத்தில், முன்விளிம்பை ஒட்டி ஒரு காடி ஓடுவதையும் பாஸ்தான் காட்டினார். மழைத்தண்ணீர் விளிம்போடு விழுந்துவிடாமல் பலகையின் அடியைப் பற்றிக்கொண்டே சுவர்வரை ஊர்ந்து வரும் இயல்புடையது. அந்தக் காடியில் பிடி அறுந்து கீழே சொட்டிவிடும். முந்தைய வர்ணக்காரர்கள் அதை அழுக்கென்று எண்ணியோ என்னவோ, பெயின்டால் நிரப்பி மெழுகி அழகுபடுத்தியிருந்தார்கள். பாஸ் ஓர் ஆணியால் அதைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, நம்முடைய மாவட்டத்திலேயே இந்த வித்தை எத்தனை புராதனமானது என்று நான் யோசித்தேன். தம்புள்ளைக் குகைகளின் நெற்றியில், மழைநீர் பாறையை ஒட்டி உள்ளே வழியாதபடி நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து வேலை. உள்ளேயுள்ள சுமார் 2,100 சதுர மீற்றர் ஓவியங்களைக் காணத்தான் உலகம் திரண்டு வருகிறது. அவற்றில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில், கண்டி மன்னர்கள் காலத்தில், புதிதாகத் தீட்டப்பட்டது. வர்ணத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. விளிம்பு அப்படியே இருக்கிறது. இத்தகைய விளிம்புகளின் கீழே பிராமி எழுத்தில் குகையைத் தானம் செய்தவர்களின் பெயரைப் பொறிப்பது அக்கால வழக்கம். விளிம்பை வெட்டிய பாஸின் பெயரைத் தேடுவது வீண்வேலை.

சீகிரியாவிலும் இதே கதைதான். கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகிட்ட சாந்துச் சுவரில் பழங்காலத்து யாத்திரிகர்கள் கிறுக்கிய பாடல்களில் 685-ஐத் தொல்பொருளாய்வாளர் பரணவிதான வாசித்து 1956-இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை மேலே பாறைக்குடைவில் தீட்டப்பட்ட பெண்களைக் குறித்து உருகுபவை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக நிற்கும் அந்தச் சாந்தின்மேல் எழுத்தாணியை வைத்து எழுதிக்கொண்டே, கண்ணை மட்டும் மேலே வைத்திருந்த ரசிகர்கள் அவர்கள்.

ஈற்றில் எங்கள் வீட்டுக்குச் சந்தன நிறமே பூசப்பட்டது. காரணத்தை இல்லறத்தார் அறிவார்கள். உக்குவெலையிலிருந்து வந்த என் சின்னம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்து, நிறம் பிரமாதம் என்று சொல்லி, செலவு எவ்வளவு என்று விசாரித்தார். கூலியில் சரிபாதி இடுக்கு அடைத்ததற்கே போயிற்று என்று நான் சொன்னதும், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு யன்னலாகப் போய் அந்த அடைப்பைத் தேடினார். எங்கும் ஒரு கோடுகூடத் தென்படவில்லை.

“தம்பி, இவ்வளவு காசைக் கொட்டியிருக்கியே, ஒரு யன்னலையாவது பெயின்ட் அடிக்காம விட்டிருந்தா நாலு பேரு பாத்திருப்பாங்கல்ல?” என்றார்.