கேட்டதற்குச் சான்று உண்டு

சின்னக்கானலில் வீடு பார்க்க வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள்: தண்ணீர் வருமா, ஆனை வருமா, டவர் கிடைக்குமா? முதல் இரண்டும் கூப்பிடாமலே வரும். மூன்றாவதற்கு ஜன்னல் திண்டில் ஏறி, போனைச் சூரியநெல்லிப் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். பூப்பாறையில் இருக்கும் மைத்துனரிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச முடிந்ததில்லை. அதே வீட்டிலிருந்து ராத்திரியில் ஜப்பான்காரரோடு பேசுகிறேன். மைத்துனர் இதை நம்புவதில்லை. தன்னை மட்டும் தவிர்க்கிறேன் என்று தங்கையிடம் புகார்.

அவர்மேல் தப்பில்லை, அலைகளின் சுபாவம் அப்படி. போனின் அலை நேர்வழியில் போகிற ஜாதி. மலை மறித்தால் அங்கேயே நின்றுவிடும். நான் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஹாம் ரேடியோவின் 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ மேலே ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பொழுது சாய்ந்தபின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். பூப்பாறையை அது சட்டை செய்வதே இல்லை.

இதற்கு வேண்டிய ஆன்டெனா 20 மீட்டர் செம்புக் கம்பி, அவ்வளவுதான். அலையின் நீளம் 40 மீட்டர், அதில் பாதி. நடுவில் வெட்டி, ரேடியோவிலிருந்து வரும் கேபிளை இணைத்தால் டைபோல். கட்டுவதுதான் கூத்து. கல்லில் மீன்பிடி நரம்பைக் கட்டி, கவணால் சில்வர் ஓக் உச்சிக்கு மேல் அடிக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "குருவி அடிக்கிற வயசா இது?" என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வேறு கவலை: "அண்ணே, இதுல சன் டிவி வருமா?" வராது என்றதும் என் கல்வித் தகுதி மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் மனைவிதான் அந்தக் கம்பிக்கு ஒரு பயன் கண்டுபிடித்தாள். கம்பியின் தாழ்ந்த முனையில் ஈர ஜமுக்காளத்தை உலர்த்தினாள். அன்று, அனுப்பிய அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் ஏறிய ஏற்றத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சும்மா கம்பி கட்டிவிட்டுப் பேசிவிட முடியாது. மத்திய அரசின் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பினால் போதும். பெரிய உரிமத்துக்கு மோர்ஸும் தெரிய வேண்டும், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில். தட்டிப் பழகிய நாட்களில், சாப்பாடு தாமதமானதால் தட்டில் தாளம் போடுகிறேன் என்று வீட்டில் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கிடைத்த அழைப்புக்குறி வி.யூ.2 என்று தொடங்குகிறது. ராஜீவ் காந்தியின் குறி வி.யூ.2.ஆர்.ஜி. எங்கள் இருவருக்கும் உள்ள ஒற்றுமை அந்த '2' வரைக்கும்தான்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பேசுகிறோம்? "நீங்கள் ஐந்து-ஒன்பது, மிக நன்றாகக் கேட்கிறீர்கள். இங்கே மழை. வணக்கம்." தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பதுக்கு ஒன்பது. முழு மதிப்பெண் போட்ட கையோடு, "உங்கள் பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்பார்கள். பிறகு க்யூ.எஸ்.எல். கார்டு வரும்: இந்தத் தேதியில், இந்த நேரத்தில் உங்கள் குரலைக் கேட்டோம் என்று. குடும்பஸ்தன் ஒருவன் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டதாக எழுத்துமூலம் சான்று தருகிற பொழுதுபோக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை. என் சுவர் நிறைய ஒட்டி வைத்திருக்கிறேன்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கு அந்தமானைச் சொல்வேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் போர்ட் பிளேரில் வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற நிலையம் போட்டு, உலகத்தோடு ஐந்து-ஒன்பது பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி. போன்கள் செத்துக் கிடந்தபோது, தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அந்தப் பொழுதுபோக்குப் பெட்டிகள் வழியாகவும் கரைக்கு வந்தது. கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு, "சரி, சன் டிவி?" என்பார்கள்.

எங்கள் ஊரில் ரேடியோவால் பேர் வாங்கியவர் நான் இல்லை, அரிக்கொம்பன். பன்னியார் ரேஷன் கடையை உடைத்து உடைத்து அரிசி தின்ற அந்த ஆனையை, 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டுக்கு அனுப்பினார்கள். மே கடைசியில் அது கம்பம் டவுனுக்குள் நடந்தது; ஜூனில் களக்காடு முண்டந்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. பரீட்சை கிடையாது, மோர்ஸ் கிடையாது. இருந்தும் இரண்டு மாநில வனத்துறையும் ராத்தூக்கம் கெட்டு அதன் சிக்னலைக் கேட்டன. ஒரு ஹாமுக்கு வயிறு எரியாதா?

என் மானத்தைக் காப்பாற்றியது மிச்சமிருக்கும் ஆனைகள்தான். பக்கத்து ஏலத்தோட்டத்தின் சோலார் வேலியில் ஈரப் புல் உரசினால் பொறி பறக்கும். என் ரேடியோவில் விநாடிக்கு ஒரு தரம் 'டிக்... டிக்' என்று விழும். உலகத்து ஹாம்கள் இந்த மாதிரி இரைச்சலை ஒழிக்கத் தவம் கிடக்கிறார்கள். நான் நேர்மாறு. இரைச்சல் திடீரென்று நின்று ரேடியோ சுத்தமாகக் கேட்டால், வேலியை யாரோ பெரிய மனிதர் சாய்த்துவிட்டார் என்று அர்த்தம்; ஜப்பானை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடுவேன். விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது மழை ராத்திரிகளில் அந்தத் தம்பி தன் வாசலிலிருந்தே கத்துகிறார்: "அண்ணே, டிக் டிக் கேக்குதா?"

"ஐந்து-ஒன்பது, தம்பி! தைரியமா வெளியே வாங்க!"

அவரிடமும் ஒரு கார்டு கேட்டிருக்கிறேன்.