காத்தவராயனுக்கு ஒரு மின்விசிறி

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம். இதனால் அப்பாக்களின் நகைச்சுவை வற்றிவிடும் என்று யாரும் அஞ்சத் தேவையில்லை. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால், "யாருப்பா உள்ள காத்து வாங்குறது, காத்தவராயனா?" என்ற குரல் கூடத்திலிருந்து இப்போதும் வருகிறது.

ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து யோசிக்கும் பிள்ளைக்கு வேறு கேள்வி: "என்ன படம் ஓடுது? இடைவேளை விட்டாச்சா?"

நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அப்பாக்களைக் கேட்டிருந்தால் 28 என்று முடித்திருப்பார்கள், ஜன்னல் எதற்கு இருக்கிறது என்ற துணைக்கேள்வியோடு.

தொலைபேசிதான் பெரிய அத்தியாயம். எஸ்.டி.டி. பூத்தில் இரவுச் சலுகைக் கட்டணத்துக்குக் காத்திருந்து, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே நலம் விசாரித்த தலைமுறை அது. இன்று மகன் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைத்தாலும், "சாப்டியா? மழையா? சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று மூன்று வாக்கியத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பில் ஏறவில்லை என்று விளக்கினால், "ஏறுறது உனக்கு எப்படிடா தெரியும், கட்டுறது நான்தானே?"

இந்த நகைச்சுவைக்கு முதல் ரசிகர் சொன்னவரேதான். அம்மா சிரிப்பதில்லை, இந்தப் படத்தை அவர் ரிலீஸ் நாளிலேயே பார்த்துவிட்டார்.

இரவு பத்து மணிக்கு நாற்காலியில் குறட்டை விடும் அப்பாவுக்காக யாராவது டிவியை அணைத்தால், கண் திறக்காமலே ஆணை வரும்: "நிறுத்தாதே, நியூஸ் பாத்துக்கிட்டிருக்கேன்." திரையில் அதுவரை வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.